சென்னைக்குப் போகாதவள்

என் பணி ஓய்வு விழாவில், மாலை போட்ட கையோடு ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார். "மேடம் நல்ல உழைப்பாளி. அந்த ஒரு கேஸை மட்டும் அப்படி எழுதாம இருந்திருந்தா, நம்ம பகுதிக்குச் சான்றிதழ் எப்பவோ வந்திருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலை கழுத்தில் அரித்தது. எழுந்து நின்று அந்த ஆளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த எரிச்சல் வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நோய் எங்கிருந்து கிளம்பியது, யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்தத் தெருவில் நின்றது என்று துப்புத் துலக்குவது என் வேலை. அதிலும் வாழ்நாளில் பாதி மலேரியாவோடு போய்விட்டது. சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் கொசு டாக்டர். தென்காசியில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரர் கேட்பார், "எங்க வீட்டுப் பக்கம் கொசு சாஸ்தியா இருக்கு, என்னைக்கு வந்து அடிக்கிய?" அடிக்கிற ஆள் நான் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, கடைசியில் "அடுத்த வாரம் வாரேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

வேலை என்னவோ மொட்டை மாடியில்தான். சாக்கடையில் வளருகிற கொசு வேறு. எங்கள் ஊர்களில் மலேரியாவைப் பரப்புகிற கொசு சுத்த பத்தமானது. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூடியில்லாத மேல்நிலைத் தொட்டி கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். குற்றாலத்தில் சீசன் முடிந்து லாட்ஜ்கள் காலியானதும் தொட்டிகள் பாதித் தண்ணீரோடு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி, நீளப் பிடி போட்ட வெள்ளைக் கரண்டியால் தண்ணீரை மொண்டு பார்ப்பேன். புழு இருந்தால் தெரியும். கீழே லாட்ஜ் மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். முட்டி தேய்ந்தது இப்படித்தான், அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை.

மலேரியா ஒழிப்பில் கடைசிக் கட்டம் என்று ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று வருஷம் உள்ளூரில் ஒருவருக்குக்கூட நோய் தொற்றியிருக்கக் கூடாது. அப்படி இருந்தால் ஒழித்துவிட்டோம் என்று சான்றிதழ் தருவார்கள். இதில் ஒரு சலுகை இருக்கிறது. வெளியூருக்குப் போன இடத்தில் தொற்றி, இங்கே வந்து காய்ச்சலில் படுத்தால் அது கணக்கில் வராது. அதற்குப் படிவத்தில் எழுதுகிற பெயர் 'இறக்குமதி'. கேரள எல்லையில் புளியறைச் செக்போஸ்டில் லாரி லாரியாக வந்து இறங்குகிற சரக்கு மாதிரி, மனுஷனையும் அப்படித்தான் எழுதினோம். உள்ளூரா, இறக்குமதியா? இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் டிக் போட வேண்டும். என் வேலையில் கடைசி வருஷங்கள் முழுக்க இந்த இரண்டு கட்டத்துக்குள்தான் கழிந்தன.

சலுகை என்று ஒன்றைக் கொடுத்தால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? காய்ச்சல்காரரிடம் முதல் கேள்வியே "எங்கயாவது வெளியூர் போனீங்களா?" என்பதுதான். போகவில்லை என்றால் "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். யோசித்தும் போகவில்லை என்றால் "சொந்தக்காரங்க யாராவது வந்தாங்களா?" காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பது அதற்கப்புறம். இதையெல்லாம் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். என் கத்தலுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் இருந்தது. "அம்மா சாமி ஆடுதாவ" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். அப்படிச் சாமி ஆடிய நானேதான் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன், அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

மூன்றாவது வருஷம் முடிய இன்னும் சில மாதம் பாக்கி. சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலம் ரோட்டில் வேனும் காருமாக மோதிக்கொண்டு கிடந்தன. லாட்ஜ் வரிசைக்குப் பின்னால் ஒரு தெருவிலிருந்து ஒரு பெண் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்க் காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிறாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்ததில் மலேரியா என்று வந்துவிட்டது.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வீட்டுக்காரன் சவுதியில் ஏசி மெக்கானிக். இவள் மாமியாரோடு இருந்துகொண்டு பீடி சுற்றுகிறாள். காய்ச்சல் விட்ட நாள் அது, போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவளிடம் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன்.

"நான் எங்க போவேன் டாக்டரம்மா?" என்றாள். "போன மாசம் ஆலங்குளத்துக்கு அம்மை வீட்டுக்கு அஞ்சு நாள் போனேன். அம்மைக்குக் கண்ணு ஆபரேசன். அது தவிர தென்காசி பஸ் ஸ்டாண்டத் தாண்டுனதில்ல."

ஆலங்குளத்தில் மலேரியா கிடையாது. அவள் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு லாட்ஜின் பின்பக்கம். சீசனுக்கு முன்னால் பெயின்ட் அடிக்க வடநாட்டு ஆட்களைக் கூட்டிவந்து அங்கேயே தங்க வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவனுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்து, யாருக்கும் தெரிவிக்காமல் ஊருக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த லாட்ஜின் மேலே ஏறினேன். தொட்டி மூடியைக் கழற்றி வைத்தவர்கள் திரும்ப மூடவே இல்லை. முதல் கரண்டியிலேயே புழு நெளிந்தது. பெயின்டரைக் கடித்த கொசு இவளைக் கடித்திருக்கிறது, அவ்வளவுதான் சமாச்சாரம். இதில் துப்புத் துலக்க ஒன்றுமே இல்லை. படிவத்தில் 'உள்ளூர்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, தொட்டிக்கு மருந்து ஊற்றச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

சாயங்காலம் மேலதிகாரி என் மேஜைக்கே வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"மேடம், அந்தப் பொண்ணு ஆலங்குளம் போனாங்கல்ல?"

"ஆமா சார். அங்க மலேரியா கிடையாது."

"ஆலங்குளம் போனவங்க அப்படியே சென்னைக்கும் போயிருக்கலாம் இல்லையா? அங்கதான் மலேரியா இருக்கே."

"போகலைன்னு சொன்னாங்க சார்."

"எல்லாரும் எல்லாத்தையும் சொல்லுவாங்களா மேடம்?"

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு பெண் வாயால் சொன்னதை, அவளைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் 'எல்லாத்தையும் சொல்லுவாங்களா' என்று சாதாரணமாகக் கேட்கிறார். அப்போது எனக்கு அது வெறும் புள்ளிவிவரப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது. அவர் மேலும் பேசினார். மூன்று வருஷ உழைப்பு. எத்தனை பேர் வெயிலில் அலைந்திருக்கிறார்கள். சீசன் நேரத்தில் மலேரியா என்று பேப்பரில் வந்தால் லாட்ஜ்காரர்கள் கலெக்டரிடம் போய் நிற்பார்கள். "மாத்திரை அதே மாத்திரைதான் மேடம். தொட்டிக்கு மருந்து ஊத்தத்தான் போறோம். யாருக்கு என்ன நஷ்டம்? தாள்ல ஒரு வரி. அவ்வளவுதான்."

யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் அந்தச் சான்றிதழ் மேல் ஆசை இருந்தது, ஒளிப்பானேன்? ஓய்வு பெறுவதற்குள் அதைச் சட்டம் போட்டு மாட்டிய சுவருக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் கிடந்தது. பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் படிவம் எழுதினேன். 'இறக்குமதி. சென்ற இடம்: சென்னை. தங்கிய நாட்கள்: ஐந்து.' ஆலங்குளத்தில் இருந்த அதே ஐந்து நாளைச் சென்னைக்கு மாற்றியதும் நானேதான், நாள் கணக்கு இடிக்கக் கூடாதே! பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்ற படிப்பாளித் திமிர். கையெழுத்துப் போட்டேன், சீல் வைத்தேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இந்த மலேரியாவுக்குக் காய்ச்சல் விட்டால் போதாது. கிருமி கல்லீரலுக்குள் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் கிளம்பும். அதைக் கொல்லப் பதினான்கு நாள் மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது, கண்ணெதிரே முழுங்க வைக்க வேண்டும். அதற்கென்று எங்கள் களப்பணியாளர் ஒருவர் தினமும் அவள் வீட்டுக்குப் போய்வந்தார். ஐம்பது வயசுக்காரர். தெருத் தெருவாக "தொட்டிய மூடி வைங்கம்மா" என்று கத்தியே தொண்டை பெருத்துப் போனவர். அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. ரகசியம் சொன்னாலும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

ஆறாம் நாள் காலையில் அவர் என் அறைக்கு வந்து நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது.

"அந்தப் பிள்ள வீட்ல இல்ல மேடம். மாமியாக்காரி தாய் வீட்டுக்கு அனுப்பிட்டாவ."

"ஏன்?"

"நான்தான் கெடுத்தேன். நான் என்ன மேடம் கண்டேன்?"

நடந்தது இதுதான். 'இறக்குமதி' என்று எழுதினால் அது அத்தோடு முடியாது. கூடப் போனவர்களையும் கண்டுபிடித்து ரத்தம் எடுக்க வேண்டும், அவர்களுக்கும் தொற்றியிருக்கலாம் அல்லவா? நான் எழுதிய படிவம் கம்ப்யூட்டருக்குள் போய், அங்கிருந்து தானாக இவர் செல்போனுக்கு வந்திருக்கிறது. 'நோயாளி சென்னையில் ஐந்து நாள் தங்கியவர். உடன் சென்றவர் யார் என விசாரிக்கவும்.' ஐந்தாம் நாள் மாத்திரை கொடுக்கப் போனவர் கடமை தவறாமல் வாசலில் நின்று, அந்தப் பெருந்தொண்டையில் கேட்டிருக்கிறார். "எம்மா, சென்னைக்குப் போயி அஞ்சு நாள் இருந்தியள்லா, கூட யாரு வந்தா?"

சாரல் விட்ட நேரம். எதிர் வீட்டு நடையில் நாலு பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியார் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். அந்தப் பெண் "நான் சென்னைக்கே போகலியே" என்று சொல்லியிருக்கிறாள். இவர் போனை எடுத்து, "இந்தா போட்டிருக்கே" என்று மாமியாரிடமே காட்டியிருக்கிறார். ஆலங்குளம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் எந்த மாதம் போனாளோ அதே மாதமும் அதே ஐந்து நாளும்தான் அதில் இருந்தன. அந்தக் கலவரத்தில் அன்றைய மாத்திரையை அவள் முழுங்கவில்லை.

அவள் சென்னைக்கே போகவில்லை, அப்படி எழுதியது நான்தான் என்றேன். "பொய்ய எழுதுதது நீங்க, தெருவுல மானங்கெட்டு நிக்கது நாங்களா மேடம்?" என்று கேட்டார் அவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் குரல் உயர்த்தாதவர், அதுவும் அந்தக் குரலை வைத்துக்கொண்டு. எழுந்து ஜீப்பை எடுக்கச் சொன்னேன்.

முதலில் மாமியாரிடம் போனேன். அவளைக் கொடுமைக்காரி என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அவள் அப்படி இல்லை. கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். "அவ போகல, நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

"நீங்க வாயால சொல்லுதிய. எழுத்துல வேற இருக்கு. நான் எத நம்ப?" என்றாள். "எனக்கு அவ மேல கோவமா? மூணு வருசமா ஒரே சட்டில பொங்கித் திங்கோம். எம் மவன் அங்கன இருந்து கத்துதான். தெருவுல ஒவ்வொருத்தியும் துக்கம் விசாரிக்க மாரி வாராளுக. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

மகனுக்குப் போன் போடச் சொன்னேன். நான் இன்னார் என்று சொல்லி, உங்கள் மனைவி எங்கும் போகவில்லை, அந்தப் படிவத்தில் இருப்பது பொய் என்றேன். அவன் கேட்டான்.

"மேடம், கவர்மெண்டு எதுக்கு மேடம் எம் பொண்டாட்டி மேல பொய் சொல்லணும்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு அரசாங்கம், அதுவும் கொசு மருந்து அடிக்கிற ஆபீஸ், ஊர் பேர் தெரியாத ஒரு பீடி சுற்றுகிற பெண்ணைப் பற்றி எதற்குப் பொய் எழுதப்போகிறது? யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் ஜீப் கதவை அறைந்து சாத்தினேன், டிரைவர் பாவம் பயந்துவிட்டார்.

பாவூர்சத்திரத்தில் சந்தைக்குப் போகிற டெம்போக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஆலங்குளம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அவள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியோடு. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. கை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

மாத்திரை அட்டையை நீட்டினேன். "ரெண்டு நாள் விட்டுப் போச்சும்மா. இனிமே முதல்லேருந்து ஆரம்பிக்கணும். விட்டா மறுபடியும் வரும். உங்கிட்டேருந்து அம்மாவுக்கும் கொசு கொண்டுபோயிரும்."

"என்கிட்ட வந்து கேட்டியள்லா?" என்றாள் தலை நிமிராமலே. "நான் என்ன சொன்னேன்?"

"ஆலங்குளம்னு சொன்ன."

"பொறவு சென்னை எங்கன இருந்து வந்துச்சு?"

சொன்னேன். மூன்று வருஷம், சுழியம், சான்றிதழ், சீசன் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு முறத்தை இறக்கிக் கீழே வைத்தாள்.

"அப்ப ஒங்களுக்குச் சான்றிதழ் வேணும்னு, நான் நடத்த கெட்டவள்னு எனக்கு ஒரு சான்றிதழ் குடுத்துட்டிய."

"தப்புதாம்மா. நான் உங்க மாமியாகிட்ட சொல்லிட்டேன். வீட்டுக்காரர்கிட்டயும் பேசினேன்."

"வாயால சொன்னியளாக்கும்! எழுதும்போது எழுத்து, அழிக்கும்போது வாயா? நல்லாருக்கே ஒங்க ஞாயம்." மாத்திரை அட்டையை என் பக்கமே தள்ளினாள். "எழுத்துல தாங்க. சீல் வச்சுத் தாங்க. தந்தா முழுங்குதேன். இல்லன்னா இந்தக் காய்ச்சலோட சாவுதேன், போங்க."

அவள் அம்மா "ஏட்டி, பெரிய டாக்டர்ட்ட அப்படிப் பேசாத" என்றாள். "நீ சும்மா இரும்மா. பெரிய டாக்டர் செஞ்ச காரியத்தப் பாத்தியா?" என்றாள் மகள்.

வாசலுக்கு வந்து மேலதிகாரிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "ஐயையோ, பாவம்" என்றார் முதலில். அடுத்த மூச்சிலேயே, "எழுத்தில எதுவும் கொடுத்திராதீங்க மேடம். அது ஆவணமாயிரும். ஆறுதலா பேசி மாத்திரையக் கொடுத்துட்டு வாங்க. ரெண்டு நாள்ல அவங்களே சமாதானமாயிருவாங்க. குடும்பச் சண்டை, நமக்கெதுக்கு?" என்றார்.

குடும்பச் சண்டையாம்! நாம் கொளுத்திப் போட்ட நெருப்பு அவர்கள் வீட்டுக்குள் விழுந்ததும் அது அவர்கள் குடும்பச் சண்டை ஆகிவிட்டது.

"சார், நான் படிவத்தை மாத்துறேன். உள்ளூர்னு போடப் போறேன். இவங்களுக்கும் எழுத்தில கொடுக்கப் போறேன்."

"யோசிச்சுத்தான் பேசறீங்களா மேடம்?"

"யோசிச்சுத்தான் சார் முதல்ல பொய் எழுதினேன். இப்ப யோசிக்கல."

போனை வைத்தேன். வீராவேசமாகப் பேசிவிட்டேனே தவிர, மெமோ வரும், விசாரணை வரும், பென்ஷனில் கைவைப்பார்களோ என்ற பயம் வந்தது. ஜீப்பிலிருந்து ஆபீஸ் தாளை எடுத்து, பானெட்டின் மேல் வைத்து எழுதினேன். சீல் என் பையிலேயே இருந்தது. கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"தவறுதலாக எழுதப்பட்டதுன்னு போட்டிருக்கிய."

"ஆமா."

"தவறுதலாவா எழுதுனிய? கை தவறிச் சென்னைன்னு விழுந்துட்டோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தையை நான் யோசித்துப் போடவில்லை. பேனாவை எடுத்ததும் தானாக வந்தது. ஆபீஸில் யார் என்ன செய்தாலும் அது தவறுதலாகத்தான் நடக்கும். அவ்வளவு வருஷத்தில் எத்தனை கடிதத்தில் எழுதியிருப்பேன்! ஒருத்தரும் அதில் விரல் வைத்ததில்லை.

"தெரிஞ்சுதான எழுதுனிய? அப்ப அப்படியே போடுங்க."

இன்னொரு தாள் எடுத்தேன். 'இவர் சென்னைக்குச் செல்லவில்லை. சென்றதாகத் தெரிந்தே பொய் எழுதிக் கையெழுத்திட்டவள் நான். இவருக்கு நோய் தொற்றியது இவர் குடியிருக்கும் தெருவில்தான்.' கையெழுத்து, சீல். அவள் வாங்கிப் படித்தாள். மடித்துத் தன்னிடம் வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். திரும்ப என் கையிலேயே கொடுத்தாள்.

"எங்க வீட்டு வாசல்ல நின்னுதான தெரு கேக்கக் கேட்டாவ? அதே வாசல்ல நின்னு நீங்க வாசிங்க. அந்த அண்ணாச்சி மாரிச் சத்தமா வாசிக்கணும்."

மாத்திரை அட்டையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லிவிட்டு ஜீப்பின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

நாங்கள் அவள் தெருவுக்குப் போனபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் அதே நாலு பெண்கள் முறத்தோடு இருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் பக்கத்து வீடுகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. மாமியார் வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தெருவில் நின்று தாளைப் பிரித்து வாசித்தேன். எனக்குப் பெரிய குரல் கிடையாது. 'தெரிந்தே பொய்' என்ற இடத்தை வாய்க்குள்ளேயே வாசித்துத் தாண்டப் பார்த்தேன். பின்னாலிருந்து அவள், "கேக்கல" என்றாள். திரும்பவும் அந்த வரியை வாசித்தேன். இந்தத் தடவை தெருக்கோடி வரை கேட்டது.

அவள் என் கையிலிருந்து தாளை வாங்கி மாமியார் கையில் வைத்தாள்.

"அத்த, சோறு இருக்கா? இந்த மாத்திரைய வெறும் வயித்துல முழுங்கக் கூடாதாம்."

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். வாய் கோணியது, அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டுக் கொண்டுவந்தாள். மருமகள் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, தெரு பார்க்க, நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். நான் நனைந்துகொண்டே நின்றேன். வந்து ஒதுங்குங்கள் என்று அந்தத் தெருவில் ஒருத்தரும் கூப்பிடவில்லை. அவள் கையைக் கழுவிவிட்டு, மாத்திரையை வாயில் போட்டு, மாமியார் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். வாயைத் திறந்து என்னிடம் காட்டினாள்.

"பதினாலு நாளும் நீங்களே வரணும்" என்றாள். "வேற ஆள அனுப்பக் கூடாது."

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் என் மேஜையில் விளக்கம் கேட்டு மெமோ வந்து கிடந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு மாத்திரை கொடுக்கக் கிளம்பினேன். பதினான்காம் நாள் கடைசி மாத்திரையை முழுங்கிவிட்டு அவள் காலி அட்டையை என் கையில் கொடுத்தாள். வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மன்னிப்புக் கேட்டாரு" என்றாள். "தவறுதலாச் சொல்லிட்டேன்னாரு."